வாசகர் கேள்வி–பதில்: ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தேசிய மனித உரிமைச் சட்டம்

ஆஸ்திரேலியாவில் விட்டுவிட்டு எழும் மனித உரிமைச் சட்ட விவாதத்தைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. 2024 மே மாதம் நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு அப்படியொரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 மே தேர்தல் வரை மசோதா எதுவும் வரவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐ.நா. ஒப்பந்தங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்ட நாடு இது. ஆனால் மனித உரிமைச் சட்டம் இல்லை என்கிறார்கள். அது எப்படி?
– வாசகி, வென்ட்வொர்த்வில், சிட்னி

உரிமைகளே இல்லை என்று சொல்ல முடியாது. அவை ஒரே இடத்தில் இல்லை. இருக்கும் இடங்களிலும் ஓட்டை அதிகம். 1901-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய பாதுகாப்புகள்தான் உண்டு. கூட்டரசு (மத்திய அரசு) ஒரு மதத்தை நிறுவவோ வழிபாட்டைத் தடுக்கவோ கூடாது என்கிறது 116-ஆம் பிரிவு. கடுமையான கூட்டரசுக் குற்றங்களுக்கு ஜூரி விசாரணை, கூட்டரசு சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு, வேறு மாநிலத்தவர் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்பவை மற்றவை. பேச்சுரிமை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 1992-இல்தான் ஹைகோர்ட் (பெயர் அப்படி இருந்தாலும் இங்கே அதுவே உச்ச நீதிமன்றம்) மக்களாட்சி முறைக்குள்ளேயே அரசியல் கருத்துச் சுதந்திரம் அடங்கியிருக்கிறது என்று சொன்னது. அதுவும் சட்டம் இயற்றுபவரின் கையைக் கட்டுமே தவிர, உங்கள் கையில் ஓர் உரிமையாக வந்து சேராது.

இது மறதியால் விட்டுப்போனதும் அல்ல. 1890-களின் அரசியலமைப்பு மாநாடுகளில் டாஸ்மேனியாவின் ஆண்ட்ரூ இங்லிஸ் கிளார்க், சட்டத்தின் முன் அனைவருக்கும் சம பாதுகாப்பு என்ற விதியை அமெரிக்க முறையில் சேர்க்கப் பார்த்தார். சீனரையும் பிற ஆசியரையும் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் கட்டுப்படுத்திய காலனிச் சட்டங்கள் அதனால் அடிபட்டுப்போகும் என்ற அச்சம், அந்த விதி தோற்றதற்கான காரணங்களில் ஒன்று. ‘நாடாளுமன்றத்தின் மேல் முன்னோர் வைத்த நம்பிக்கை’ என்று இன்று கௌரவமாகச் சொல்லப்படும் கதையில் இந்தப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

ஒப்பந்தங்கள் விஷயம் வேறு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஆஸ்திரேலியா 1980 ஆகஸ்டில் ஏற்றது. ஆனால் நாடாளுமன்றம் அதையே சட்டமாக இயற்றாத வரை, அதை வைத்து இங்குள்ள நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. சட்டமாக வந்தவை பெரும்பாலும் பாகுபாட்டுத் தடைகள்: இனம் 1975, பாலினம் 1984, மாற்றுத்திறன் 1992, வயது 2004. அடுத்தவரைவிட உங்களைக் கீழாக நடத்தினால்தான் இவை பேசும். எல்லோரையும் ஒரே அளவில் மோசமாக நடத்தினால் இவை வாய் திறக்காது. தேசியச் சட்டம் வேண்டும் என்போரின் வாதம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மாநில அளவில் மூன்று சட்டங்கள் உள்ளன: தலைநகர்ப் பிரதேசம் 2004, விக்டோரியா 2006 (இதன் பெயர் ‘சாசனம்’; அதனால் இத்தகைய சட்டங்களைப் பொதுவாகச் சாசனம் என்றும் சொல்வதுண்டு), குயின்ஸ்லாந்து 2019. உங்கள் நியூ சவுத் வேல்ஸில் இல்லை. இந்த மூன்றும் மாநில, பிரதேச அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். குடிவரவு, சென்டர்லிங்க் (அரசு உதவித்தொகை வழங்கும் அமைப்பு), தேசிய ஊனமுற்றோர் காப்பீடு, கூட்டரசுக் காவல்துறை எதையும் தொடாது. மெல்பர்னில் ஒரு அரசு மருத்துவமனை உங்கள் உரிமையைக் கருத்தில் கொண்டாக வேண்டும். அதே தெருவில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கேள்வி: 2021 மே மாதம் இந்தியாவிலிருந்து குடிமக்கள்கூட வரக்கூடாது என்று தடை போட்டார்களே. சாசனம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது அல்லவா?
– வாசகர், கிளேட்டன், மெல்பர்ன்

நடந்திருக்கலாம். ஆனால் நடந்த விதத்தில் நடந்திருக்காது. அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2015-இன் 477-ஆம் பிரிவின் கீழ் சுகாதார அமைச்சர் ஓர் ஆணை போட்டார். மே 3 முதல் மே 15 வரை, முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த எவரும் ஆஸ்திரேலியாவுக்குள் வரக்கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 66,600 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். சுமார் 9,000 பேர் அப்போது இந்தியாவிலிருந்து திரும்பக் காத்திருந்தார்கள். இந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போனது. மே 10 அன்று கூட்டரசு நீதிமன்றம், சட்டத்தின் சொற்கள் அமைச்சருக்கு இந்த அதிகாரத்தைத் தருகின்றன என்று முதல் கட்ட வாதங்களைத் தள்ளுபடி செய்தது. சொந்த நாட்டுக்குத் திரும்புவது பொதுச் சட்ட மரபில் பழைய உரிமைதான். ஆனால் தெளிவான சொற்களால் நாடாளுமன்றம் அதைத் தாண்டிவிடலாம். அதற்கு மேல் கேட்க நீதிமன்றத்திடம் அளவுகோல் இல்லை.

மனித உரிமைச் சட்டம் அந்த அளவுகோலைத் தரும். உரிமையைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. கட்டுப்படுத்துபவர் சில கேள்விகளுக்குச் சான்றோடு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நோக்கம் நியாயமானதா? தனிமைப்படுத்தல் இடங்கள் நிரம்பிவிடும் என்ற அச்சம் உண்மையானது, எனவே இதில் அரசு தேறிவிடும். இந்த நடவடிக்கை அந்த நோக்கத்தை உண்மையில் நிறைவேற்றுகிறதா? இதிலும் ஓரளவு தேறும். உரிமையைக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழி இருந்ததா? இங்கேதான் சிக்கல். விமானங்களை நிறுத்துவது ஒன்று, வீடு திரும்பும் குடிமகனைச் சிறைக்கு அனுப்புவேன் என்பது வேறொன்று. நோயாளி, தனியாக விடப்பட்ட குழந்தை, ஆரோக்கியமான நபர் எல்லோருக்கும் ஒரே விதியா? கடைசியாக, கிடைக்கும் பலனும் ஏற்படும் இழப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றனவா?

அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கமும் உண்டு. 2011-இன் நாடாளுமன்ற ஆய்வுச் சட்டப்படி ஒவ்வொரு மசோதாவுடனும் ‘மனித உரிமைகளோடு ஒத்துப்போகிறது’ என்ற அறிக்கை வைக்கப்பட வேண்டும். ஆணைகளுக்கும் உண்டு. ஆனால் நாடாளுமன்றம் ரத்துச் செய்யக்கூடிய ஆணைகளுக்கு மட்டும்தான். 477-இன் கீழான ஆணையை நாடாளுமன்றம் ரத்துச் செய்ய முடியாது. அதனால் அந்த அறிக்கையும் கட்டாயமில்லை. அதாவது, மிகக் கடுமையான அதிகாரத்துக்கு மிக லேசான கண்காணிப்பு. புதிய சட்டம் எழுதுவோர் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இது.

கேள்வி: அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டால் யாரும் தொட முடியாதே?
– வாசகர், அடிலெய்ட்

சேர்க்க முடியாது என்பதுதான் பதில். அரசியலமைப்பைத் திருத்த நாடு முழுவதும் பெரும்பான்மை வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்கிலும் பெரும்பான்மை வேண்டும். இதுவரை 45 முறை கேட்டு 8 முறைதான் மக்கள் சம்மதித்தார்கள். கடைசியாகச் சம்மதித்தது 1977-இல். 1988-இல் ஜூரி விசாரணை, மதச் சுதந்திரம், நியாயமான ஈடு மூன்றையும் மாநிலங்களுக்கும் விரிவாக்கலாமா என்று கேட்டதற்கு ‘ஆம்’ என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே இன்று பேசப்படுவதெல்லாம் சாதாரணச் சட்டம்தான். அதிலும் 1973, 1985 என்று இரண்டு மசோதாக்கள் வந்து கரைந்துபோயின. 2009-இல் இயேசு சபைக் குருவும் வழக்கறிஞருமான ஃபிராங்க் பிரென்னன் தலைமையிலான குழுவுக்கு 35,014 மனுக்கள் வந்தன. இந்தக் கேள்வியைத் தொட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை சட்டம் வேண்டும் என்றன. குழுவும் அப்படியே பரிந்துரைத்தது. 2010 ஏப்ரலில் அன்றைய அரசு அதை ஏற்கவில்லை. மேலே சொன்ன 2011 ஆய்வுச் சட்டம்தான் அதற்குப் பதிலாகக் கிடைத்தது. சாப்பாடு கேட்டவருக்கு மெனு அட்டையைக் கொடுத்த மாதிரி.

கேள்வி: நீதிபதிகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இப்படி ஒரு சட்டம் வந்தால் அவர்கள்தானே நாட்டை ஆள்வார்கள்? வக்கீல்களுக்குத்தான் தீபாவளி.
– வாசகர், பெர்த்

இந்தியாவையோ அமெரிக்காவையோ மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறோம். அங்கே நீதிமன்றம் ஒரு சட்டத்தையே செல்லாது என்று தள்ளலாம். இங்கே முன்மொழியப்படும் மாதிரியில் அந்த அதிகாரம் கிடையாது. ஒரு சட்டத்துக்கு இரண்டு பொருள் சாத்தியம் என்றால், அதன் நோக்கத்துக்கு முரண்படாத வரை உரிமைக்கு இசைந்த பொருளை நீதிமன்றம் எடுக்க வேண்டும். அப்படிப் பொருள்கொள்ளவே முடியாவிட்டால் விக்டோரியா முறையில் மாநில உச்ச நீதிமன்றம் (இது ஹைகோர்ட்டுக்குக் கீழ்) ‘முரண்பாடு உள்ளது’ என்று அறிவிக்கலாம். அமைச்சர் 6 மாதத்துக்குள் எழுத்தில் பதில் வைக்க வேண்டும். சட்டம் அப்படியே நிற்கும்.

அந்த அறிவிப்பும் கூட்டரசு அளவில் சிக்கல்தான். விக்டோரியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் அப்படி அறிவித்தது. 2011-இல் ஹைகோர்ட் அதை நீக்கியது. இத்தகைய அறிவிப்பு வழக்கைத் தீர்க்கும் நீதித்துறை வேலைதானா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் பலமாக ஒலித்தது. கூட்டரசு நீதிமன்றங்களுக்கு நீதித்துறை அல்லாத வேலையை அரசியலமைப்பு அனுமதிக்காது. அதனால் தேசிய மாதிரியில் இந்த உறுப்பு இல்லாமலே வண்டியை ஓட்ட வேண்டும். அறிவிப்பு போய்விட்டால் சட்டமே பல்லில்லாததாகிவிடும் என்று சிலர் வருந்துகிறார்கள். எங்கள் கணிப்பில் அது பெரிய இழப்பு அல்ல. சாசனத்தின் பல், அலுவலர்கள் மேல் அது சுமத்தும் கடமையில் இருக்கிறது.

கேள்வி: படகில் வந்து வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நம் ஆட்களுக்கு இது உதவியிருக்குமா?
– வாசகி, டூங்காபி, சிட்னி

மூன்று சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2004-இல் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒரு பாலஸ்தீனரின் வழக்கு ஹைகோர்ட்டில். நாடு கடத்தும் வரை காவலில் வை என்கிறது குடிவரவுச் சட்டம். ஏற்க எந்த நாடும் இல்லை. அப்படியானால் ஆயுள் முழுக்கவா? நான்கு நீதிபதிகள் ஆம் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்கள் சட்டத்தின் சொற்களை, கடத்துவதற்கு நியாயமான வாய்ப்பு உள்ள வரைதான் காவல் என்று சுருக்கிப் பொருள்கொண்டார்கள். பெரும்பான்மையில் இருந்த நீதிபதி மெக்ஹ்யூ தன் முடிவைத் துயரமானது என்றே குறிப்பிட்டார். உரிமைக்கு இசைந்த பொருளை எடு என்று ஒரு விதி அன்று சட்டத்தில் இருந்திருந்தால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்தத் தீர்ப்பு 2023 நவம்பரில்தான் கவிழ்ந்தது. இடையில் 19 ஆண்டுகள்.

அடுத்தது, அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும் உளவுத்துறையின் பாதகமான அறிக்கையால் 2009, 2010 வாக்கிலிருந்து அடைக்கப்பட்டவர்கள். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போன 46 பேரில் மிகப் பெரும்பாலானோர் இலங்கைத் தமிழர். தங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டின் ஆதாரம் என்ன என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 2013-இல் குழு இது தன்னிச்சையான காவல் என்று முடிவு சொன்னது. அந்த முடிவு இங்குள்ள எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது, 2014 ஜூனில் பாண்டிச்சேரிப் பக்கமிருந்து புறப்பட்ட படகில் இருந்த 157 தமிழர்கள். நடுக்கடலில் மறிக்கப்பட்டு, ஒரு மாதத்துக்கு ஓரிரு நாள் குறைவாக, சுங்கக் கப்பலில் வைக்கப்பட்டார்கள். 2015 ஜனவரியில் ஹைகோர்ட் 4–3 என்று அது சட்டப்படி சரியே என்றது. அப்படி வைக்கும் அதிகாரம் கடல்சார் அதிகாரங்கள் சட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. அவ்வளவு நாள் அப்படி வைத்தது மனிதத்தன்மைக்கு ஒத்ததா என்று கேட்க வாசலே இருக்கவில்லை.

உதவியிருக்குமா என்றால், முதல் வழக்கில் பெரும்பாலும் ஆம். இரண்டாவதில் ஆதாரத்தின் சாரத்தையாவது காட்டச் செய்திருக்கலாம். மூன்றாவதில் உறுதி சொல்ல மாட்டோம். கடலில் நடப்பது சட்டத்தின் எல்லைக்குள் வருமா என்பதே அந்தச் சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: என் தாயார் விக்டோரியாவில் அரசுக் குடியிருப்பில் வசிக்கிறார், சக்கர நாற்காலி. குளியலறை மாற்றம் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தும் ஒரு வரியில் மறுப்பு. விக்டோரியாவில் சாசனம் இருக்கிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது?
– வாசகி, டாண்டினாங்

சாசனத்தின் 38-ஆம் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொது அமைப்பு எதுவும் உரிமைகளுக்கு ஒத்துப்போகாதபடி செயல்படக்கூடாது. முடிவெடுக்கும்போது சம்பந்தப்பட்ட உரிமையை முறையாகக் கருத்தில் கொள்ளாமலும் இருக்கக்கூடாது. இவை இரண்டு தனித்தனிக் கடமைகள். இரண்டாவதைத்தான் அலுவலகங்கள் அதிகம் தவறவிடுகின்றன, நிரூபிக்க எளிதானதும் அதுதான். 2010-இல் ஒரு பெண் கைதியின் கருத்தரிப்புச் சிகிச்சை வழக்கில் விக்டோரியா உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. அலுவலர் வக்கீலைப்போல எழுத வேண்டியதில்லை. ஆனால் எந்த உரிமை பாதிக்கப்படும், எவ்வளவு பாதிக்கப்படும், அதற்கு எதிரான காரணம் என்ன என்று உண்மையாகவே எடைபோட்டிருக்க வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பத்தியில் விண்ணப்பித்த தேதிகள், மறுத்த தேதி, கோப்பு எண். அடுத்து உடல்நிலையின் விளைவு: கழிப்பறைக்கு எத்தனை முறை பிறர் தூக்கிவிட வேண்டியிருக்கிறது, எத்தனை முறை விழுந்தார். தொழில்முறைச் சிகிச்சையாளரின் (occupational therapist) அறிக்கையை இணையுங்கள். எந்தக் கைப்பிடி, எந்த உயரம், வாசல் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று அதில் இருந்தால் நல்லது. பிறகு 13-ஆம் பிரிவு, அதாவது அந்தரங்கமும் வீடும். 8-ஆம் பிரிவு, சமத்துவம். இந்த இரண்டோடு நிறுத்துங்கள். இருபது உரிமைகளையும் அடுக்கினால் எதையும் படிக்க மாட்டார்கள். கடைசியில் இரண்டு கேள்வி: மறுப்பு முடிவெடுத்தபோது இந்த உரிமைகள் எப்படிக் கருத்தில் கொள்ளப்பட்டன என்ற பதிவைத் தர முடியுமா? இதைவிடச் சிறிய மாற்றம் எதுவும் பரிசீலிக்கப்பட்டதா? ‘மனித உரிமை மீறல்’ என்று பொத்தாம்பொதுவாகக் குற்றம் சாட்டும் கடிதத்துக்கு ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றுதான் பதில் வரும். கேள்வி கேட்கும் கடிதத்தை அப்படி அனுப்பிவைப்பது கடினம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்பைக் கேளுங்கள். பொதுவாக 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ‘கருத்தில் கொண்டோம்’ என்பதற்குக் கோப்பில் ஒரு குறிப்பும் இல்லையென்றால் அதுவே உங்கள் பலம்.

அதன் பிறகு பலர் தவறான வாசலைத் தட்டுகிறார்கள். விக்டோரியாவின் சம வாய்ப்பு, மனித உரிமை ஆணையத்தின் பெயரைப் பார்த்து அங்கே சாசனப் புகார் கொடுக்கிறார்கள். அது பாகுபாட்டுப் புகாரை எடுக்கும், சாசன மீறல் புகாரை எடுக்காது. சாசனப் புகாரை விசாரிக்கக்கூடியவர் விக்டோரியா ஆம்புட்ஸ்மன் (குறைதீர் அதிகாரி). செலவு இல்லை. முதலில் அந்த அமைப்பிடமே புகார் செய்திருக்க வேண்டும், விஷயம் ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் மறுக்கலாம். உங்கள் விஷயத்தில் மாற்றுத்திறனும் இருப்பதால், சம வாய்ப்புச் சட்டம் 2010-இன் கீழ் நியாயமான வசதி மறுக்கப்பட்டது என்று ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு பாதையும் திறந்திருக்கும் நல்வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

நீதிமன்றம் போவதென்றால் 39-ஆம் பிரிவு ஒரு முட்டுக்கட்டை. சாசனத்தை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. முடிவை எதிர்க்க வேறொரு சட்டக் காரணம் இருந்தால் அதன் தோளில் சாசனம் ஏறிக்கொள்ளலாம். அப்போதும் இழப்பீடு கிடையாது. உச்ச நீதிமன்ற மறுஆய்வுக்கு 60 நாள்தான் காலம். எனவே கடிதப் போக்குவரத்திலேயே காலத்தை விட்டுவிடாமல் சமூகச் சட்ட மையம் ஒன்றில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தாயாருக்குத் தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை வழியாக அழைக்கலாம். குடும்பத்தினரே மொழிபெயர்த்தால் சில அலுவலகங்கள் அவர் சொன்னது இதுதானா என்று பின்னால் சந்தேகம் எழுப்பும்.

அந்தப் பொது அமைப்புக்கு ஒரு தப்பிக்கும் வழியும் உண்டு. வேறொரு சட்டத்தின்படி வேறு விதமாகச் செய்யவே முடியாது என்று காட்டினால் தப்பலாம். ‘இந்த ஆண்டு பணமில்லை’ என்பது அந்த வகையில் சேராது. அது நியாயமான கட்டுப்பாடா என்ற எடைபோடுதலுக்குள் வரும்.

கேள்வி: அதே கடிதத்தை சென்டர்லிங்குக்கு எழுதலாமா?
– வாசகர், டார்வின்

எழுதலாம், யாரையும் கட்டுப்படுத்தாது. அங்கே பயன்படுவது வழக்கமான பாதைதான்: முதலில் உள் மறுஆய்வு (13 வாரத்துக்குள் கேட்டால் பாக்கித் தொகை ஆரம்பத்திலிருந்து கிடைக்க வாய்ப்பு), பிறகு 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயம், சேவைக் குறைபாட்டுக்குக் கூட்டரசு ஆம்புட்ஸ்மன். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் கூட்டரசு அமைப்புகள் மேல் உரிமைப் புகார் வாங்கும். சமரசம் பேசும், முடியாவிட்டால் அறிக்கை எழுதும். அறிக்கையோடு அந்தப் பாதை முடிகிறது.

சென்டர்லிங்கின் ‘ரோபோடெட்’ என்ற கடன் வசூல் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வரித்துறையில் உள்ள ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, அந்தச் சராசரி நீங்கள் அறிவித்ததோடு பொருந்தாவிட்டால் கடன் என்று கணினி சொன்னது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் உதவித்தொகை என்று வாழ்ந்தவருக்குச் சராசரி எப்போதுமே பொய் சொல்லும். கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையிலேயே. 2015-இல் தொடங்கியது, சட்டவிரோதம் என்று அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2019 நவம்பரில். கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது. முடிவெடுக்கும் முன் பாதிக்கப்படுபவரைப் பற்றி யோசி என்ற கடமை சட்டத்தில் இருந்திருந்தால், அந்தக் கணக்குமுறையின் முதல் வரைவிலேயே யாராவது கையெழுத்துப் போடத் தயங்கியிருப்பார்கள். தயங்காமலும் போயிருக்கலாம். ஆனால் 2016-இலேயே ஒருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போயிருக்கலாம்.

கேள்வி: குயின்ஸ்லாந்தில் சாசனத்தை ஒதுக்கிவைத்துச் சட்டம் போடுகிறார்களே. பிறகு அது எதற்கு?
– வாசகர், பிரிஸ்பேன்

ஒதுக்கிவைக்கும் அதிகாரம் சட்டத்திலேயே உள்ளது, அசாதாரணச் சூழலுக்கு என்று. 2023-இல் ஜாமீன் நிபந்தனையை மீறும் சிறுவர்களைக் குற்றவாளிகளாக்க ஒருமுறை, சிறுவர்களைக் காவல் நிலைய அறைகளில் வைத்திருக்க அதே ஆண்டு இன்னொருமுறை, 2024 டிசம்பரில் வயதுவந்தோருக்கான தண்டனையைச் சிறுவர்களுக்கும் நீட்டிக்க மறுபடியும். முதல் இரண்டும் லேபர் அரசு, மூன்றாவது லிபரல் நேஷனல் அரசு; கட்சி பேதமில்லை. விக்டோரியாவும் 2014-இல் ஒரே ஒரு கைதியின் பரோலைத் தடுக்கும் சட்டத்துக்கு இதைப் பயன்படுத்தியது.

இதைச் சாசனத்தின் தோல்வி என்று முழுதாகச் சொல்லிவிட முடியவில்லை. ‘குழந்தைகளின் உரிமையை மீறுகிறோம்’ என்று அமைச்சர் அவையில் வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது. சாசனம் இல்லாத மாநிலத்தில் அதே சட்டம் சத்தமில்லாமல் நிறைவேறும். அதே விக்டோரியாவில் 2016-இல் சிறுவர்களை வயதுவந்தோருக்கான பார்வன் சிறைக்கு மாற்றியபோது சாசனம் வேலை செய்தது. நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது, அரசு வேறு ஆணை போட்டு அங்கேயே வைத்தது, 2017 மே மாதம் மறுபடி சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்து சிறுவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தேசியச் சட்டத்தில் இந்த விலக்குப் பிரிவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சாதாரணச் சட்டத்தைப் பின்னால் வரும் இன்னொரு சட்டத்தால் நாடாளுமன்றம் எப்படியும் மீறலாம். அதற்கு ஒரு வசதியான பொத்தானை வேறு வைத்துக்கொடுப்பானேன்?

கேள்வி: இந்தியாவில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன, இலங்கையிலும் இருக்கின்றன. என்ன வாழ்ந்தது?
– வாசகர், சென்னை

ஏட்டில் உள்ள உரிமைக்கும் வாசலுக்கும் உள்ள உறவை இந்த இரண்டு நாடுகளைப்போலக் காட்டுவது வேறில்லை. இந்தியாவில் அரசியலமைப்பின் 32, 226-ஆவது கூறுகள் என்று இரண்டு அகலமான கதவுகள் உண்டு. நேரடியாக நீதிமன்றம் போகலாம். ஆனால் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் மூன்றாம் பகுதியின் 22-ஆவது கூறே தடுப்புக் காவலுக்கு இடம் தருகிறது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் 12 மாதம் வரை விசாரணையின்றி வைக்கலாம். ஆட்கொணர்வு மனுக்களில் உயர் நீதிமன்றம் பல ஆணைகளை ரத்துச் செய்வது உண்மை. பெரும்பாலும் கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் போன்ற நடைமுறைக் காரணங்களால்தான்.

இலங்கையில் 126-ஆவது உறுப்புரையின்படி உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் (அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அங்கே அதுதான் பெயர்) போக ஒரே ஒரு மாதம்தான் அவகாசம். அதுவும் நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டும். நிறைவேறிய சட்டத்தை எதிர்க்க முடியாது. பழைய சட்டங்கள் உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்று 16-ஆவது உறுப்புரையே சொல்கிறது. 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இத்தனை காலம் நின்றதற்கு, நிறைவேறிய சட்டத்தை எதிர்க்க முடியாது என்ற பூட்டும் காரணம். யார் போகலாம், எத்தனை நாளில், எதற்கு எதிராக, போனால் என்ன கிடைக்கும் என்ற நான்கையும் பார்த்துவிட்டுப் பிறகு உரிமைப் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: கோயில், மதப் பள்ளிகளுக்கு இதனால் இடைஞ்சல் வருமா?
– வாசகர், ஹெலன்ஸ்பர்க்

இந்தச் சட்டங்களின் கடமை பொது அமைப்புகளுக்குத்தான். கோயில் நிர்வாகம் பொது அமைப்பு அல்ல. மாறாக, கோயில் கட்ட அனுமதி மறுக்கும் நகராட்சிக்கு எதிராக வழிபாட்டு உரிமையைக் கையில் எடுக்கலாம். அரசுப் பணத்தில் முதியோர் பராமரிப்பு போன்ற பொதுப் பணியை ஒரு மத அமைப்பு ஏற்று நடத்தினால், அந்தப் பணியின் அளவுக்குக் கடமை வரக்கூடும்.

கேள்வி: எங்கள் சங்கம் எம்.பி.க்கும் நாடாளுமன்றக் குழுவுக்கும் எழுதத் திட்டமிடுகிறது. என்ன கேட்பது?
– வாசகி, கான்பெரா

‘உரிமைச் சட்டம் வேண்டும்’ என்பதோடு நிறுத்தினால் உங்களுக்குக் கிடைப்பது 2011 போல இன்னொரு ஆய்வுச் சட்டம்தான். மனித உரிமை ஆணையம் 2022 டிசம்பரில் முன்வைத்த மாதிரியிலும், 2024 குழு அறிக்கையிலும் நேரடியாக வழக்குப் போடும் வழி இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் பிரதேசத்தில் 2009-லிருந்து அது உண்டு, நீதிமன்றங்கள் வழக்கில் மூழ்கிவிடவில்லை. குயின்ஸ்லாந்து முறையில் முதலில் அமைப்பிடம் புகார், 45 வேலை நாள் காத்திருப்பு, பிறகு ஆணையத்தில் சமரசம் என்று வருகிறது. நல்ல படிக்கட்டுதான். ஆனால் அது சமரசத்தோடு முடிந்துவிடுகிறது, மேலே மாடி இல்லை. தேசியச் சட்டத்தில் அந்தப் படிக்கட்டின் முடிவில் நீதிமன்றமும் இழப்பீடும் இருக்க வேண்டும்.

அடுத்து, தடுப்பு முகாம், முதியோர் இல்லம், வேலைவாய்ப்புச் சேவை என்று கூட்டரசு வேலையை ஒப்பந்தத்தில் செய்யும் தனியார் நிறுவனங்களும் கடமைக்குள் வருமா என்று கேளுங்கள். நாடாளுமன்றம் ரத்துச் செய்ய முடியாத அமைச்சர் ஆணைகளுக்கும் ஒத்திசைவு அறிக்கை கட்டாயமா என்றும் கேளுங்கள். குடிமக்கள் அல்லாதோரும் இதற்குள் அடக்கம் என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். விட்டுப்போனால் மேலே சொன்ன படகுக் கதைகள் அப்படியே தொடரும்.

குழுவுக்கு அனுப்பும் மனுவில் உறுப்பினர் ஒருவரின் அனுபவம் இருந்தால், பெயரை மறைக்கும்படியோ முழுவதையும் ரகசியமாக வைக்கும்படியோ முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். குழு மனுவை ஏற்றுக்கொண்ட பிறகு அது நாடாளுமன்றச் சிறப்புரிமையின் பாதுகாப்பில் வரும். அதற்கு முன் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டால் அந்தப் பதிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.